வட்டக்களரியும் சட்டமிட்ட திரையும்

மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே கல்லடியில் நிற்கும் பாலத்தை அறியாதார் கிழக்கிலங்கையில் இலர். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும், நிலவு நாட்களில் வாவியில் தோணியை நிறுத்திப் பாடும் மீனின் ஓசைக்குச் செவிகொடுக்கும் வழக்கம் மறக்கப்பட்டுவிடவில்லை. துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திக் கேட்பதே அதன் முறை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளாரின் உதவியோடு இவ்வோசை பதிவுசெய்யப்பட்டு இலங்கை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. வாவியையே கண்டறியாத ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தபடி அதனைக் கேட்க முடிந்தது பெரும் பேறே. எனினும் அவனுக்குக் கிடைத்தது ஓசை மட்டுமே. நிலவும், நீரின் அசைவும், எந்தத் திசையில் துடுப்பை வைப்பது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் உரிமையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்காக வேறொருவர் துடுப்பைப் பிடித்திருந்தார்.

மட்டக்களப்பாருக்கு இந்த வேறுபாடு கூத்திலும் நன்கு பழக்கமானது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் கூத்து ஆடப்பட்டது வட்டக்களரியில். மண்ணால் உயர்த்திய வட்டத்தைச் சுற்றி நாற்புறமும் ஊரார் அமர்ந்திருப்பர். அரசனாக வருபவன் கொலுவில் நிற்கும்போதே, மறு பக்கத்தில் அடுத்த வரவுக்குக் காத்திருப்பவனையும், மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரையும் பார்ப்பவன் தன் விருப்பம்போல் நோக்கலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இக்கூத்தைச் சட்டமிட்ட மேடைக்கு ஏற்றினார். விடியும்வரை ஆடியதைச் சுருக்கி அமைத்தார். அதனால் கூத்து உலகறியும் கலையாயிற்று என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வட்டம் சட்டமாக மாறியபோது, எதைப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கையிலிருந்து மேடைக்கு இடம்பெயர்ந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதே இடப்பெயர்ச்சி, இதே காலப்பகுதியில், உலகின் மறு கோடியில் முற்றிலும் வேறான ஒரு களரியிலும் நிகழ்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் வளர்ந்த 'ஸ்டொக் கார்' பந்தயமே அது. அந்தத் தென் மாநிலங்கள் மட்டக்களப்புக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த இயேசு சபைக் குருமாருட் பலர் அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தோர். மட்டக்களப்பிற் கூடைப்பந்தாட்டம் இன்றுவரை சிறந்து விளங்குவது அவர்கள் இட்ட வித்தினாலேயாம். ஆனால் தம் நாட்டின் தென்பகுதியிற் பெரும் வெறியோடு இரசிக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயத்தை அவர்கள் இங்கு கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் வாவிக்கரை வீதிகள் தாங்கியிரா.

பந்தயத்துக்கென்றே தனியாக உருவாக்கப்படும் ஒற்றை இருக்கை வண்டிகள் ஒரு வகை. கடையிற் விற்பனைக்கு வரும் சாதாரண மோட்டார் வண்டியின் உருவத்தை ஏற்று ஓடுவன மற்றொரு வகை. இரண்டாவதே ஸ்டொக் கார். இதன் பிறப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. மலைப்பகுதிகளில் வரி செலுத்தாமல் வடிக்கப்பட்ட சாராயத்தை, அதாவது நம் நாட்டிற் கசிப்பு என்று வழங்குவதை, இரவோடிரவாக நகரங்களுக்கு ஏற்றிச்சென்ற இளைஞர், வரி அதிகாரிகளிடமிருந்து தப்புவதற்காகத் தம் வண்டிகளின் வேகத்தைக் கூட்டிக்கொண்டனர். ஓய்வு நாட்களில் யாருடைய வண்டி விரைவானது என்று செம்மண் தடங்களில் ஓடிப் பார்த்தனர். பிற்காலத்திற் பெரும் புகழ்பெற்ற ஜூனியர் ஜோன்சன், 1956ஆம் ஆண்டில் தந்தையின் வடிசாலையில் அகப்பட்டுச் சிறை சென்றவர். முப்பது ஆண்டுகளின் பின் ஜனாதிபதி றீகன் அவருக்குப் பொது மன்னிப்பு அளித்தார். சிதறிக் கிடந்த இப்பந்தயங்களை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தவர் பில் பிரான்ஸ் என்பவர். புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் 1947 டிசெம்பரில் அவர் கூட்டிய கூட்டத்தின் விளைவாக, 1948ஆம் ஆண்டில் 'நாஸ்கார்' என்னும் சங்கம் உருவாயிற்று.

1959ஆம் ஆண்டில் டேடோனாவில் இரண்டரை மைல் சுற்றளவுள்ள மாபெரும் ஓடுதளம் திறக்கப்பட்டது. அங்கு நடந்த முதலாவது 500 மைல் பந்தயமே கமராவின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. இறுதிக் கோட்டை மூன்று வண்டிகள் அருகருகே கடந்தன. அவற்றுள் ஒன்று ஒரு சுற்றுப் பின்தங்கியது. ஜோனி போச்சம்ப் வென்றார் என்று நடுவர் அறிவித்தனர். லீ பெற்றியோ தாமே வென்றதாக வாதாடினார். பார்த்திருந்தோரிடமும் ஒருமித்த கருத்து இல்லை. புகைப்படங்களும், செய்திப்படத்துக்காக எடுக்கப்பட்ட சுருளும் திரட்டப்பட்டன. மூன்று நாட்களின் பின்னரே லீ பெற்றியின் வெற்றி உறுதியாயிற்று. மனிதக் கண் தவறிய இடத்திற் கமரா நீதி வழங்கிய நாள் அது. பின்னர் கமராவின் மீது இரசிகர் சுமத்திய குற்றங்களைக் கேட்கும்போது இந்த நாளையும் நினைவில் வைத்திருத்தல் நேர்மையாகும்.

தொடக்கத்தில் இரசிகரின் முறைப்பாடு, தொலைக்காட்சி தம்மைக் கவனிக்கவேயில்லை என்பதாகத்தான் இருந்தது. 1961ஆம் ஆண்டு தொடங்கி ஏ.பி.சி. நிறுவனம் தன் விளையாட்டுத் தொகுப்பு நிகழ்ச்சியிற் பந்தயத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டது. பந்தயம் முடிந்து நாட்கள் கழிந்த பின், வேறு விளையாட்டுக்களுக்கு நடுவே, சில நிமிடங்கள் காட்டப்படும். வெற்றி பெற்றவர் பெயர் பத்திரிகையில் வெளிவந்து பழங்கதையான பின் அதைப் பார்ப்பதில் என்ன இன்பம்? 1971ஆம் ஆண்டு ஏப்பிரலில், தென் கரோலினாவின் கிறீன்வில் நகருக்கு அண்மையில் நடந்த ஒரு குறும் பந்தயம் தொடக்கக் கொடியிலிருந்து முடிவுக் கொடிவரை நேரடியாக ஒளிபரப்பாயிற்று. எனினும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் பெரும் பந்தயத்தை எவரும் முழுமையாக ஏற்கத் துணியவில்லை.

அதே 1971ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொரு மாற்றம் பந்தயத்தின் போக்கையே திருப்பியது. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள் முதல் அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. விளம்பரத்துக்கென ஒதுக்கிய பெரும் பணத்தை வைத்துக்கொண்டு புகையிலை நிறுவனங்கள் வழி தேடின. ஆர்.ஜே. றெய்னோல்ட்ஸ் நிறுவனம், முன்னர் குறிப்பிட்ட அதே ஜூனியர் ஜோன்சனின் ஆலோசனையைக் கேட்டு, நாஸ்கார் பந்தயத் தொடர் முழுவதற்கும் அனுசரணை வழங்கியது. தொடரே ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கி 2003ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. தொலைக்காட்சி பந்தயத்தைக் காட்டியபோதெல்லாம் தடைசெய்யப்பட்ட பெயரும் கூடவே தோன்றியது. கதவால் வெளியேற்றப்பட்ட விளம்பரம் சாளரத்தால் உள்ளே நுழைந்தது. கசிப்பு வண்டிகளிற் பிறந்த விளையாட்டைச் சிகரெட் பணம் வளர்த்தெடுத்தது என்பது ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டத்தக்க செய்தியன்று. ஆயினும் வரலாறு அதுவே.

1979 பெப்ரவரி 18ஆம் நாள் சீ.பி.எஸ். நிறுவனம் டேடோனா 500 பந்தயத்தை முதலிலிருந்து முடிவுவரை நாடெங்கும் நேரடியாக ஒளிபரப்பியது. அன்று கிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களிற் கடும் பனிப்பொழிவு. மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டிருந்தனர். கடைசிச் சுற்றில் முன்னணியிற் சென்ற டொனி அலிசனும், அவரை முந்த முயன்ற கேல் யார்பறோவும் மோதிச் சுவரிற் சிக்கினர். அரைச் சுற்றுக்குப் பின்னே வந்த றிச்சர்ட் பெற்றி, முதற் பந்தயத்தில் மூன்று நாள் காத்திருந்து வென்ற லீ பெற்றியின் மைந்தர், முந்திச் சென்று வெற்றி பெற்றார். அதற்குள் மோதியவர்கள் புல்தரையில் இறங்கிக் கைகலப்பிற் புகுந்தனர். டொனியின் அண்ணன் பொபியும் சேர்ந்துகொண்டார். கமரா இவையனைத்தையும் காட்டியது. ஒன்றரைக் கோடி மக்கள் பார்த்ததாக மதிப்பிடப்பட்ட அந்த ஒரு பிற்பகலில், தென் மாநிலங்களின் நாட்டுப்புற விளையாட்டு நாட்டின் விளையாட்டாயிற்று.

அந்நிகழ்ச்சிக்கு இரண்டு மாதங்களின் பின், 1979 ஏப்பிரல் 13ஆம் நாள், இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி கொழும்பில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தொடங்கியதன் பின்னரே தொலைக்காட்சி நாடளாவிய ஊடகமாயிற்று. அதுவரை கல்லடியில் ஒரு விளையாட்டைப் 'பார்ப்பது' என்றால் மைதானத்துக்குச் செல்வது. 'கேட்பது' என்றால் வானொலியின் முன் அமர்வது. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நிலை இங்கு இன்னும் பிறக்கவில்லை.

அமெரிக்காவிலோ அந்த மூன்றாவது நிலை வேகமாக வளர்ந்தது. 1981இல் ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டு அலைவரிசை நாஸ்கார் பந்தயங்களைக் காட்டத் தொடங்கியது. அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியினர் 1979ஆம் ஆண்டின் பதேர்ஸ்ற் பந்தயத்தில் ஓடும் வண்டியினுள்ளே கமராவைப் பொருத்திக் காட்டிய புதுமையும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. சாரதியின் தோளுக்கு மேலாக ஓடுதளத்தைப் பார்க்கும் அனுபவம் அரங்கில் இருப்பவனுக்குக் கூடக் கிட்டாதது. இரசிகர் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியோடு கூடவே மனக்குறைகளும் முளைத்தன.

அக்குறைகளை விளங்கிக்கொள்ள, இப்பந்தயத்தின் இயல்பைச் சிறிது ஆராய வேண்டும். நாற்பது வண்டிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மணிக்கு 200 மைல் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 290 அடியைக் கடக்கும். கல்லடிப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று நான்கு வினாடிகளிற் சென்றுவிடும். இவ்வேகத்தில் முன்னே செல்லும் வண்டி காற்றைப் பிளந்து கொடுக்க, அதன் பின்னே ஒட்டிச் செல்லும் வண்டி குறைந்த தடையோடு ஓடுகிறது. 1960ஆம் ஆண்டில், வேகங் குறைந்த வண்டியொன்றை வைத்துக்கொண்டு இந்த உபாயத்தாலேயே ஜூனியர் ஜோன்சன் டேடோனாவில் வென்றார். ஆகவே முதலிற் செல்பவன் வெல்லப்போகிறவன் என்பதில்லை. பத்தாவது இடத்தில் யார் யாரோடு கூட்டுச் சேர்கிறார், யார் எரிபொருளைச் சேமிக்கிறார், யார் டயர் மாற்ற முந்திச் சென்றார் என்பவையே முடிவைத் தீர்மானிக்கும். அரங்கின் உயரத்தில் அமர்ந்தவன் இவ்வட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் அளக்கிறான். திரையின் முன் அமர்ந்தவன் கமரா தரும் துண்டை மட்டும் காண்கிறான். கமராவோ பெரும்பாலும் முன்னணி வண்டியையே தொடர்கிறது. தொலைவிலிருந்து படத்தை இழுத்துக் காட்டும் கண்ணாடிவில்லை தூரத்தைச் சுருக்குவதால், பறக்கும் வண்டிகள் ஊர்வனபோற் தோன்றுவதும் உண்டு.

இதனினும் பெரிய மனக்குறை விளம்பரத்தாலாயது. உதைபந்தாட்டத்தில் இடைவேளை உண்டு. கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஓவருக்கும் இடையில் ஒரு மூச்சு உண்டு. மோட்டார்ப் பந்தயத்திற்கு இயல்பான ஓய்வு கிடையாது. டேடோனாவில் ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். இரண்டு நிமிட விளம்பரத்துக்குள் இரண்டரைச் சுற்றுகள் ஓடி முடிந்துவிடும். விளம்பரம் முடிந்து திரும்பும்போது, முன்னணியிலிருந்தவர் சுவரோடு மோதிக் கிடப்பார். நடந்ததை வர்ணனையாளர் மீள்காட்சியாகக் காட்டுவார். கூத்திற் கர்ணன் வீழும் வேளையிற் களரியைப் பாயால் மறைத்துவிட்டுப் பின்னர் கதையைச் சொன்னால் ஊரார் என்ன செய்வரோ, அதைத்தான் அமெரிக்க இரசிகரும் செய்தனர்.

2001ஆம் ஆண்டில் ஒரு பெரும் மாற்றம் ஏற்பட்டது. அதுவரை ஒவ்வொரு ஓடுதள உரிமையாளரும் தம் பந்தயத்தைத் தாமே வெவ்வேறு நிறுவனங்களுக்கு விற்றுவந்தனர். இனி முழுத் தொடரையும் நாஸ்காரே மொத்தமாக விற்பதென முடிவாயிற்று. ஏறத்தாழ 240 கோடி டொலருக்கு பொக்ஸ், என்.பி.சி., ரேணர் ஆகிய நிறுவனங்கள் உரிமை பெற்றன. இத்தொகையில் 65 விழுக்காடு ஓடுதளங்களுக்கு, 25 விழுக்காடு பந்தயக் குழுக்களுக்கு, 10 விழுக்காடு நாஸ்காருக்கு எனப் பங்கு வகுக்கப்பட்டது. பார்ப்பவனுக்கு இக்கணக்கில் இடமில்லை. ஆனால் உண்மையில் விற்கப்பட்டது அவனுடைய பார்வையே. கொடுத்த பணத்தை மீட்பதற்குத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் விளம்பரத்தைத் தவிர வேறு வழி அதிகமில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில், தன்னிடம் விளம்பரம் வாங்காத அனுசரணையாளரின் சின்னங்களைத் திரைச் சித்திரங்களில் வரையப்பட்ட வண்டிகளிலிருந்து பொக்ஸ் நிறுவனம் நீக்கிவிட்டது. கண்டனம் எழுந்தவுடன் அம்முறை கைவிடப்பட்டது. சிறு நிகழ்ச்சியே, ஆயினும் திரையில் எது தோன்ற வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது என்பதை அது மறைவின்றிக் காட்டிவிட்டது.

அப்புதிய ஒப்பந்தத்தின் முதற் பெரும் பந்தயம் 2001 பெப்ரவரி 18ஆம் நாள் நடந்தது. கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில், இரசிகரின் பேரன்புக்குரிய டேல் ஏர்ண்ஹார்ட்டின் வண்டி சுவரில் மோதியது. வென்றவர் மைக்கல் வோல்ற்றிப். அவருடைய அண்ணன் டறல் வோல்ற்றிப்பே அன்று வர்ணனையாளர்களுள் ஒருவர். தம்பியின் முதல் வெற்றியில் உருகிய அதே மூச்சில், ஏர்ண்ஹார்ட் நலமா என்றும் அவர் கவலையோடு வினவினார். விடை கிடைக்குமுன் ஒளிபரப்பு முடிவடைந்தது. மரணச் செய்தி பின்னரே அறிவிக்கப்பட்டது. எவர் மீதும் குற்றமில்லை எனலாம். எனினும் நேரக் கட்டுப்பாடுள்ள திரையின் வரம்பு அன்று அனைவருக்கும் புலனாயிற்று.

நேரக் கட்டுப்பாட்டால் எழுந்த சினத்துக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு புகழ்பெற்ற முன்னிகழ்ச்சி உண்டு. 1968 நவம்பர் 17ஆம் நாள், நியூயோர்க், ஓக்லண்ட் அணிகளுக்கிடையிலான அமெரிக்க உதைபந்தாட்டத்தில் 65 வினாடிகளே எஞ்சியிருந்தபோது, என்.பி.சி. நிறுவனம் ஆட்டத்தை நிறுத்தி 'ஹைடி' என்னும் சிறுவர் படத்தைத் தொடங்கியது. அந்த 65 வினாடிகளுக்குள் பின்தங்கியிருந்த ஓக்லண்ட் அணி 14 புள்ளிகளைப் பெற்று வென்றுவிட்டது. தொலைபேசி அழைப்புகளின் பெருக்கத்தால் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகமே செயலிழந்தது. நாற்பது ஆண்டுகளின் பின் அப்பாடம் மறக்கப்பட்டது போலும். 2008 நவம்பரில், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில், பருவத்தின் இறுதிக்கு முந்திய நாஸ்கார் பந்தயம் தாமதமாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் எஞ்சியிருந்த நிலையில், ஏ.பி.சி. நிறுவனம் கிழக்கு, மத்திய மாநிலங்களில் அதனை நிறுத்தி, வீடுகளில் எடுக்கப்பட்ட வேடிக்கைப் படங்களின் தொகுப்பை ஒளிபரப்பியது. பந்தயம் வேறோர் அலைவரிசைக்கு மாற்றப்பட்டது. அவ்வலைவரிசை இல்லாத வீடுகளில், அவ்வாண்டு மூன்றாம் முறையாகத் தொடர்ந்து வாகைசூடிய ஜிம்மி ஜோன்சன் அப்பந்தயத்தில் பெற்ற வெற்றியை நேரிற் காணும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

கமரா காட்டத் தவறியது ஒரு புறமிருக்க, கமராவே பந்தயத்திற் புகுந்து இடர் விளைத்த நாளும் உண்டு. 2013 மே 26ஆம் நாள் சார்லற் நகரில் 600 மைல் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது, ஓடுதளத்துக்கு மேலாகக் கட்டப்பட்ட கம்பியில் ஓடிக் காட்சிகளைப் பிடிக்கும் கமராவின் வடம் அறுந்து வீழ்ந்தது. வண்டிகள் சேதமுற்றன, அரங்கில் இருந்தோர் 10 பேர் காயமுற்றனர். பந்தயம் நிறுத்தப்பட்டது. வீட்டிலிருப்போனுக்கு மேலும் நல்ல காட்சியைத் தருவதற்கென அமைத்த கருவியால், காசு கொடுத்து நுழைவுச்சீட்டுப் பெற்று நேரில் வந்தவன் காயமுற்றான்.

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று கருதுவோர் இருக்கலாம். மோட்டார்ப் பந்தயம் தமிழருக்கும் ஈழத்தாருக்கும் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டுக்கு உரியது. இரண்டாவது உலகப் போரின்போது அமைத்த விமானத் தளமொன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அங்கு நடத்திய பந்தயங்களுக்குத் திரளான மக்கள் வெயிலிலும் புழுதியிலும் சென்றனர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் திறக்கப்படும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் வட்டக்களரி சோழவரமே.

அந்த மண்ணின் மைந்தர்தாம் நரேன் கார்த்திகேயன். 1977ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று கோயம்புத்தூர்ப் பகுதியிற் பிறந்த அவர், 2005ஆம் ஆண்டில் போர்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவருக்கு வாய்த்த மிகச் சிறந்த இடம் நான்காவது. அதுவும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிற் கிடைத்தது. ஆனால் 2005 ஜூன் 19ஆம் நாள் நடந்த அப்பந்தயம் இரசிகரின் சினத்துக்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு. மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் அவ்வோடுதளத்தின் சரிந்த திருப்பத்தைத் தாங்கா என்று தெரியவந்தமையால், அவற்றைப் பூட்டிய 14 வண்டிகள் அணிவகுப்புச் சுற்றோடு கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. எஞ்சிய 6 வண்டிகளே ஓடின. அரங்கில் இருந்தோர் கூச்சலிட்டனர், போத்தல்களை எறிந்தனர். பின்னர் மிஷலின் நிறுவனமே நுழைவுச்சீட்டின் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்கு அது நீதி. ஆனால் கோயம்புத்தூரில் நள்ளிரவுவரை விழித்திருந்து பார்த்தவனுக்கு எதைத் திருப்பித் தருவது? தன் ஊரான் பெற்ற ஐந்து புள்ளிகளில் மகிழ்வதா, அது போட்டியே அன்று என்று வருந்துவதா என அவனுக்கே தெரிந்திராது.

2010ஆம் ஆண்டில் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் வண்டித் தொடரிலும் சேர்ந்தார். வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில், அரை மைல் சுற்றளவுள்ள ஓடுதளத்தில் நடந்த தம் முதற் பந்தயத்தில் 13ஆவது இடத்தைப் பெற்றார். அப்பருவத்தில் ஒரு சில பந்தயங்களே ஓடினார், எதிலும் வெல்லவில்லை. ஆயினும் அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட சாரதி யார் என்று இரசிகரிடையே நடத்திய வாக்கெடுப்பில் அவரே முதலிடம் பெற்றார். அமெரிக்கப் பந்தயப் பத்திரிகைகள் வியந்தன. வியப்புக்கு இடமில்லை. பார்க்க வழியற்றோருக்கும் வாக்களிக்க வழி இருந்தது.

நேரிற் பார்ப்பதே மேலானது, திரை தாழ்ந்தது என்று எளிதாகத் தீர்ப்பளித்துவிடவும் இயலாது. 2024 ஏப்பிரல் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த 'பொக்ஸ் ஹில்' பந்தயத்தில், வண்டியொன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற பக்கத்திற் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். சிறு பிள்ளையும் அவர்களுள் ஒருவர். அருகே நின்று பார்க்கும் ஆவலுக்கு மலைநாட்டுப் புத்தாண்டுக் காலம் கொடுத்த விலை அது. அன்று வீட்டில் திரையின் முன் இருந்தவர்கள் வீடுகளிலேயே இருந்தார்கள்.

நாஸ்கார் நிர்வாகம் இரசிகரின் குறைகளுக்குச் செவிசாய்க்காமலில்லை. விளம்பரத்தின்போது திரையை இரண்டாகப் பிரித்துப் பந்தயத்தை ஒரு பக்கம் காட்டும் முறை வந்தது. 2017இல் ஒவ்வொரு பந்தயமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டங்களுக்கிடையே விளம்பரத்தை இட்டு, ஓட்டத்தின்போது குறைக்கலாம் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இதனை ஏற்றவரும் உளர். விளையாட்டுக்கு ஏற்பத் திரையை அமைப்பதை விடுத்துத் திரைக்கு ஏற்ப விளையாட்டை வெட்டிவிட்டார்கள் என்று மனங்கசந்தவரும் உளர். பின்னவர் கூற்றில் உண்மை மிகுதி. விடியும்வரை ஆடிய கூத்தை நகர மேடைக்காகச் சுருக்குவது வேறு. ஊர்க் களரியிலேயே, ஊராருக்கு நடுவிலேயே, மேடையின் வசதிக்காகக் கூத்தை நிறுத்தி நிறுத்தி ஆடுவது வேறு. 2025 முதல் 2031 வரைக்கான உரிமை, ஏறத்தாழ 770 கோடி டொலருக்கு பொக்ஸ், என்.பி.சி., ரி.என்.ரி., அமேசன் பிரைம் என நான்கு நிறுவனங்களிடையே பகிரப்பட்டுள்ளது. ஒரு பருவத்தை முழுமையாகப் பார்க்க விரும்புவோன் பல இடங்களிற் சந்தா கட்டவேண்டியவனாகிறான். கசிப்பு வண்டிகளைப் பார்க்க வேலியோரம் நின்றவனின் பேரனுக்கு வந்த நிலை இது.

இத்தனைக்கும் நடுவில், பழைய தலைமுறை இரசிகர் பலர் தமக்குத் தாமே ஒரு வழியைக் கண்டுகொண்டனர். பில் பிரான்ஸ் 1970ஆம் ஆண்டிலேயே பந்தயத்துக்கெனத் தனி வானொலி வலையமைப்பொன்றை நிறுவியிருந்தார். அதன் வர்ணனையாளர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதில்லை. ஒருவர் முடிவுக் கோட்டுக்கு மேலே இருப்பார். மற்றையோர் திருப்பங்களில் உயரமான இடங்களில் நிற்பர். இன்னும் சிலர் டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடத்தில் நடமாடுவர். வண்டிகள் ஒருவர் பார்வையை விட்டு நீங்கியவுடன் அடுத்தவர் பேச்சைத் தொடர்வார். குரல் வட்டத்தைச் சுற்றி ஓடிவரும். ஆகவே இரசிகர் தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு, படத்தைத் திரையிலும் வர்ணனையை வானொலியிலுமாக அனுபவித்தனர். செய்மதி வழியான ஒளிபரப்பு வந்த பின் இதிலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. படம் வானொலிக்குச் சில வினாடிகள் பிந்தி வந்து சேர்கிறது. மூன்றாம் திருப்பத்தில் வண்டிகள் மோதின என்று வானொலி அலறும்போது, திரையில் அதே வண்டிகள் ஒன்றுமறியாதனவாய் இரண்டாம் திருப்பத்தை விட்டு அழகாக வெளிவந்துகொண்டிருக்கும்.